குட்டை ஆஸ்டரின் பூர்வீகம்



நம்ம ஓசூர் வட்டாரத்தில் ஒரு பக்கம் தொழிற்சாலைச் சுவர், மறுபக்கம் பூந்தோட்டம் என்று பார்க்கிறோம். ரோஜா, சாமந்தியோடு ஆஸ்டரும் பெங்களூர் மார்க்கெட்டுக்கு லாரி ஏறுகிறது. அதில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் மட்டுமே வளரும் குட்டை ரகம் தொட்டிக்கும் வரப்போரத்துக்கும் ஏற்றது. இந்தப் பூ எங்கிருந்து வந்ததுன்னு கேட்டிருக்கீங்களா?

இதன் தாய்நாடு சீனா. அங்கே இருந்த பாதிரிமார்கள் பாரிஸ் அரச தோட்டத்துக்கு விதை அனுப்பினார்கள். அங்கிருந்து 1731-ல் லண்டன் செல்சி தோட்டத்தின் பிலிப் மில்லருக்கு விதை கிடைத்தது. அப்போது அது நடுவில் மஞ்சள், சுற்றிலும் இதழ் கொண்ட எளிய பூ. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன் தோட்டக்காரர்கள் நல்ல செடியாகப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்தார்கள். அடுக்குப் பூவும் வந்தது, குட்டைச் செடியும் வந்தது.

பூ பெருகியதும் நோயும் பெருகியது. முதலாவது வாடல் நோய். இதன் பூஞ்சாணம் மண்ணிலேயே பல வருஷம் தங்கும். 1920-களில் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? நோய் கண்ட மண்ணிலேயே நட்டு, சாகாமல் தப்பிய செடியில் விதை எடுத்தார்கள். அப்படித்தான் வாடலைத் தாங்கும் வகைகள் பிறந்தன.

இரண்டாவது மஞ்சள் நோய். இலை வெளுக்கும், பூ பச்சையாகவே நின்றுவிடும். இதைத் தத்துப்பூச்சி பரப்புகிறது என்று 1926-ல் குங்கெல் என்ற விஞ்ஞானி காட்டினார். வைரஸ்தான் காரணம் என்று நாற்பது வருஷம் நம்பினார்கள். 1967-ல் ஜப்பானியர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அது வேறு வகை நுண்ணுயிர் என்று புரிந்தது. இப்போது பைட்டோபிளாஸ்மா என்கிறார்கள். நம்ம கத்தரியில் வரும் சிற்றிலை நோயும், எள்ளில் வரும் பூவிலை நோயும் இதே இனம்தானுங்க.

அதே 1967-ல்தான், இப்போது பெங்களூர் பக்கத்தில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. காமினி, பூர்ணிமா, சசாங்க், வயலட் குஷன் ஆகிய ஆஸ்டர் ரகங்கள் அது தந்தவை. சீனத்து விதை ஊரெல்லாம் சுற்றி, நமக்குப் பக்கத்திலேயே புது ரகமாகிவிட்டது.

இந்தச் சரித்திரம் நம்ம பாத்திக்கும் உதவும். விதை எடுப்பதானால், கண்ட செடியிலும் எடுக்காதீங்க. நோயில்லாத, ஒரே சீராகப் பூத்த செடிக்கு முன்கூட்டியே நூல் கட்டி வையுங்க. ஆஸ்டர் விதைக்கு முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். பழைய விதையை நம்பி நாற்றங்கால் போட வேண்டாம். வேர் மேலாக ஓடுவதால் ஆழமாகக் கொத்தாதீங்க, தண்ணீரும் தேங்க விடாதீங்க. ஆஸ்டர் நட்ட இடத்தில் மறுபடியும் ஆஸ்டர் கூடாது. மஞ்சள் நோய் கண்ட செடியை மருந்தால் காப்பாற்ற முடியாது. அது நாலு பூ தரும் என்று இரக்கப்பட்டு விட்டுவைத்தால், தத்துப்பூச்சி தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்விடும். அன்றைக்கே பிடுங்கி அழித்துவிடுங்க, பக்கத்துக் களையையும் எடுத்துவிடுங்க.