நாமக்கல் தந்த கள்ளன்
அமெரிக்கக் கௌபாய் படங்களுக்கு ஈடாகத் தமிழில் ஒரு கொள்ளைக்காரன் வேண்டுமென்றால், கொல்லிமலையை விட்டிறங்கி நாமக்கல் பக்கம்தான் தேட வேண்டும். காவிரிக்கரை மோகனூரில் 1888இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, விடுதலைப் போராட்டத்தில் ஓராண்டு சிறையிருந்தவர். அவர் கள்ளனையே நாயகனாக்கி 'மலைக்கள்ளன்' நாவலை எழுதியதில் வியப்பில்லை.

கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் அதைப் படமாக்கினார். வசனம் மு. கருணாநிதி. ஊருக்குள் தாடி வைத்த வியாபாரி அப்துல் ரஹீம், மலையேறினால் கள்ளன் என்று எம்.ஜி.ஆர். போலீஸுக்குத் தண்ணி காட்டினார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் இதுதான். சட்டத்துக்குத் தப்பியோடியவன் கதைக்கு அரசாங்கப் பதக்கம்!

மறு வருடமே இந்தியில் 'ஆசாத்'. நாயகன் திலீப் குமார், இயக்கம் அதே நாயுடு. பிறகு சிங்களத்துக்கும் போனது.

தொப்பியும் துப்பாக்கியுமாக அசல் கௌபாய் பாணி, எம். கர்ணன் ஜெய்சங்கரை வைத்து எடுத்த 'கங்கா'வில் (1972) களைகட்டியது.