தளையும் நெகிழ்தளையும்: மரமேறு கயிற்றின் வரலாறு பற்றிய ஓர் ஆய்வு

மரமேறுதல் மாந்தன் கற்ற தொழில்களுள் மிகப் பழையது. கனியும் தேனும் பதநீரும் உயரத்தில் இருந்தன. அவற்றை வேண்டினோர் ஏறினர். அவர்தம் கருவிகளை ஆராயப் புகுவோர் ஒரு வேறுபாட்டை முதற்கண் உளங்கொளல் வேண்டும். ஏறுதற்கு உதவும் கருவி வேறு. ஏறியவரை விழாமற் காக்கும் கருவி வேறு. இவ்விரண்டும் ஒன்றே என மயங்குவார் பலர். மயக்கம் சொல்லளவில் நின்றால் கேடில்லை. ஏறுவோர் உயிரளவிற் சென்று முடிதலின் அதனை நீக்குதல் கடனாகின்றது. முன்னை வகைக்குத் தமிழில் நல்ல பெயர்கள் உள. பின்னை வகைக்குப் பெயர் காண்டல் அரிது. கடலிலும் பனிமலையிலும் பயின்ற ஒரு முடிச்சு மரத்துக்கு வந்து காப்புக் கருவியாக வளர்ந்த வரலாற்றை, நம் ஏறுகருவிகளோடு ஒப்பவைத்து இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சங்க இலக்கியத்துள் ஏறுகருவியாகப் புலப்படுவது மால்பு. இது கண்ணேணி, மூங்கிலின் கணுவிடத்தையே படியாகக் கொண்டு மிதித்தேறுவது. மலைவாணர் மால்பின் வழியே நெடுவரையில் தேன் கொள்ளுதலை மலைபடுகடாம் கூறும். குறுந்தொகையின் 273ஆம் பாட்டு இதனினும் நம் ஆய்வுக்கு நெருங்கியது. சிறைக்குடி ஆந்தையார் பாடிய அப்பாட்டில், வரையிலுள்ள பெருந்தேனை விரும்பிப் பழைய மால்பொன்றின்மேல் அதன் நிலையறியாது ஏறிய ஒருவன் உவமையாக வருகின்றான். உவமை என்பது கேட்போர் முன்னறிந்த பொருளைக் கொண்டே அமைவது. ஆதலின், நாட்பட்ட கருவி ஏறுவோர்க்குக் கேடாம் என்னும் அறிவு அக்காலத்து மக்களிடையே பரவியிருந்தது எனக் கொள்வதில் தடையில்லை. மால்பு முறிந்தால் அவனைத் தாங்கும் பிறிதொன்று இருந்ததாக அப்பாட்டிற் குறிப்பில்லை.

பனையிலும் தெங்கிலும் ஏறுவோர்க்கு உரியது தளை. அகராதிகள் தளைநார் எனக் குறிப்பதும், மலையாளத்தில் தளப்பு என வழங்குவதும் இதுவே. நாரினால் வளையமாகச் செய்யப்பெற்ற இதனுள் ஏறுவோர் இரு பாதங்களையும் செலுத்தி, உள்ளங்கால்களை மரத்தின் இருபுறத்தும் பொருத்துவர். உடலின் எடை கீழே அழுத்துந்தோறும் வளையம் விறைத்துப் பாதங்களை மரத்தோடு நெருக்கும். கைகளால் மரத்தைத் தழுவிக் கால்களைத் தூக்குங்கால் அது தளர்ந்து உடன் மேலேறும். ஒரு முழ நாரில் இத்துணை நுட்பம் அடங்கிக் கிடக்கின்றது. நாளொன்றுக்கு 30, 40 பனைகள் ஏறியிறங்கிய தொழிலாளர் இதனை நம்பியே வாழ்ந்தனர். பனை 1978இல் தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது. மரம் பெற்ற சிறப்பை அதில் ஏறுவோரின் கருவி புலவருலகிற் பெறவில்லை. தொழிலைத் தாழ்வாகக் கருதிய மனப்பான்மை சொல்லாராய்ச்சியையும் தொட்டுவிட்டது போலும்.

தளை என்னுஞ் சொல் நம்மனோர்க்குப் பழகியது யாப்பிலக்கணத்தில். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை எனச் செய்யுளுறுப்புகளை நிறுத்துமிடத்துச் சீரொடு சீர் கட்டுண்டு நிற்பதே தளை. யாப்பு என்பதும் கட்டு என்னும் பொருளதே. கால்விலங்குக்கும் தளை என்னும் பெயருண்டு. செய்யுளில் தளை தட்டினால் செவி வருந்தும், அவ்வளவே; பனையின் தலையில் தட்டினாலோ உயிர் நில்லாது. ஈண்டு நாம் கருதத்தக்கது பிறிதொன்று. இவ்வழக்குகளில் எல்லாம் கட்டுதல் என்னும் பொருளே மேலோங்கி நிற்கின்றது. ஏறுவோர் தளையோ அடிக்கடி இறுகி அடிக்கடி நெகிழ்வது. எடை வந்தவழிப் பற்றி, எடை நீங்கியவழி விடுகின்ற இவ்வியல்பே பின்னர்க் கூறப்பெறும் முடிச்சுக்கும் அடிப்படை.

ஆயினும் தளை ஏறுகருவியே. காப்புக் கருவி அன்று. கால் மரத்தை விட்டு விலகிய நொடியில் வளையம் எதனையும் பற்றாது. ஆந்திர, தெலங்கானப் பகுதிகளிற் கள்ளிறக்குவோர் தம் உடலையும் மரத்தையும் சூழ மோக்கு என்னும் தடித்த கயிற்றை இட்டுப் பின்சாய்ந்து ஏறுவர். சாய்ந்திருக்குங்காறும் அது தாங்கும். கால் வழுக்கி உடல் மரத்தோடு ஒட்டிய அளவிலே அது தளர்ந்து உடலோடு கீழே சறுக்கும். சுருக்கிட்டு மரத்தோடு கட்டிக்கொண்டால் என்னை எனின், உருவாஞ்சுருக்கு இழுக்க இழுக்க இறுகும் இயல்பினது. இறுகியபின் அடிதோறும் அதனை நகர்த்திச் செல்லல் இயலாது. பற்றவும் வேண்டும், நெகிழவும் வேண்டும், நெகிழ்தல் ஏறுவோர் விருப்பின்வழி நிகழவும் வேண்டும். இம்மூன்றும் அமைந்த முடிச்சை நெகிழ்தளை என வழங்க விழைகின்றோம்.

இதன் ஒரு மூலம் கடல். பாய்மரக் கப்பலிற் பணிசெய்தோர், விறைத்து நிற்கும் கயிற்றின்மேல் மற்றொரு கயிற்றைச் சுற்றி, நீளவாக்கில் இழுத்தாலும் வழுவாதபடி கட்டும் முறைகளை அறிந்திருந்தனர். அமெரிக்கராகிய கிளிஃபோர்டு ஆஷ்லி 1944இல் வெளியிட்ட முடிச்சுக் களஞ்சியம் ஏறத்தாழ 3,900 பதிவுகளை உடையது. இக்குடும்பத்து முடிச்சுகள் பலவற்றை அதிற் காணலாம். இக்குடும்பத்தைச் சார்ந்த டாட்லைன் முடிச்சையே மேலைநாட்டு மரப்பணியாளர், கிளை கழிப்போர், நெடுங்காலம் கையாண்டனர்.

மற்றொரு மூலம் ஆல்ப்சு மலை. ஆஸ்திரிய நாட்டு மலையேற்றவாணர் கார்ல் புருசிக் (1896–1961) இசைப்பயிற்சி மிக்கவர். முதல் உலகப்போர்க் காலத்தில் இசைக்கருவிகளின் அறுந்த நரம்புகளைப் பிணைக்கும் முயற்சியில் இம்முடிச்சு அவர்க்குத் தோன்றிற்று என்பர். எவ்வாறாயினும் 1931இல் மலையேற்ற இதழொன்றில் அதனை அவர் வெளியிட்டார். தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்று வளையத்தை இருமுறையோ மும்முறையோ தன்னுள்ளே புகுத்திச் சுற்றுவதே முறை. வளையத்தில் எடை நின்றால் அது கயிற்றைக் கவ்வும். எடை நீங்கினால் கையால் தள்ள நகரும். பனிப்பிளவில் விழுந்து கயிற்றில் தொங்குவோர், இரு வளையங்களில் கால்மாற்றி நின்று தாமே மேலேற இது வழிசெய்தது. தளைநாரின் இயல்பே இங்கும் இருத்தல் காண்க. வேறுபாடு யாதெனின், தளை கவ்வுவது மரத்தை; இது கவ்வுவது கயிற்றை. மரம் வழுவழுப்பாயினும் ஈரமாயினும் கயிற்றின் பிடிக்கு ஊறில்லை.

புருசிக் முடிச்சு அப்படியே கிளைமரத்துக்குப் பொருந்துமா எனின், முழுதும் பொருந்தாது. பனிப்பிளவிலிருந்து ஏறுவோர் ஒரு வளையத்தில் நின்று மற்றதை எடையின்றி நகர்த்துகின்றனர். மரத்திற் பணிசெய்வோரோ நாள் முழுதும் ஒரே முடிச்சில் தொங்குகின்றனர். எடை அதன்மேல் இருக்கும்போதே இறங்கவும் வேண்டும். புருசிக் முடிச்சு எடையின்கீழ் இறுகிப்போனால் எளிதில் விடாது. ஆகவே மரமேறுவோர் நாடியது மிகுதியாகப் பற்றும் முடிச்சை அன்று. அளவாக விடும் முடிச்சை.

அதற்கு அவர்கள் கையாண்ட அமைப்பு எளியது. கயிற்றை மேலுள்ள வலிய கிளைக்கவையின்மேல் இட்டு இரு புரியாகத் தொங்கவிடுவர். ஒருபுரியின் முனை இடைக்கச்சையிற் கட்டப்பெறும். அம்முனையில் எஞ்சிய வாலால் மறுபுரியின்மேல் நெகிழ்தளை இடுவர். உடலின் எடை இரு புரிகளுக்கும் பகிரப்படுதலின் முடிச்சின்மேல் விழுவது ஏறத்தாழப் பாதியே. மறுபுரியைக் கீழிழுத்தால் உடல் மேலெழும். முடிச்சை மேலே தள்ளிவிட்டால் அங்கேயே நிற்கும். இறங்க வேண்டின் முடிச்சின் தலையை மெல்லக் கீழழுத்தினாற் போதும். கையை எடுத்தவழி அது மீண்டும் பற்றும். ஏணியும் தளையும் செய்யாத செயல் இது: ஏறுவோர் மயங்கிக் கையுங்காலும் சோர்ந்தாலும் கயிறு அவரை விடுவதில்லை.

டாட்லைன் முடிச்சுக்கு ஒரு குறையுண்டு. பணிசெய்யுங்கால் அதன் வால் சிறிது சிறிதாக உருவிச் செல்லக்கூடும். அதனைத் தடுக்க வால்முனையில் மற்றொரு முடிச்சிடுதல் இன்றியமையாதது. இக்குறை குறைந்த ஒரு முடிச்சை ஜேசன் பிளேக் 1994இல் மரப்பணியாளர் இதழொன்றின் வாயிலாக அறிவித்தார். வாலை நான்கு சுற்றாக மேலேற்றி, மீட்டும் கீழிறக்கிக் கீழிரு சுற்றுகளின் உட்புறமாகச் செருகுவது அது. பிளேக் முடிச்சு என்னும் பெயர் உலகெங்கும் நிலைத்தது. ஆனால் ஆஸ்திரியராகிய ஹைன்சு புரோகாஸ்கா அதே முடிச்சை 1981இலும், மீண்டும் 1990இலும் அச்சிற் கொணர்ந்திருந்தார். மலையேறுவோரும் குகை புகுவோரும் படித்ததை மரமேறுவோர் படித்திலர். பெயர் சூட்டலில் முந்தியவர்க்கு முதன்மை கிடைக்காமை ஏட்டு வரலாற்றிலும் நாம் காண்பதே. பின்னர் இத்தாலியின் ஆவோஸ்தா பள்ளத்தாக்கின் பெயரால் வால்டோட்டன் எனப்படும் பின்னல்முடிச்சும் பிறவும் வந்தன. சுற்றின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் ஏறுவோர் எடைக்கேற்ப அமைத்துக்கொள்ள அவை இடந்தருகின்றன.

கயிறு மாறியமையும் கருதற்குரியது. நார்க்கயிறு போய் நைலான் வந்தது. உள்ளீட்டுப் புரியும் மேலுறையும் உடைய கயிற்றை ஜெர்மானிய நிறுவனமாகிய எடல்ரிட் 1953இல் ஆக்கியது. நைலான் வகைக்கேற்ப ஏறத்தாழ 220 முதல் 260 பாகைச் செல்சியசில் உருகும். விரைந்து இறங்கினால் முடிச்சில் எழும் உராய்வு வெப்பம் அதன் உட்புறத்தைப் பளபளப்பாக்கிவிடும். பளபளத்த கயிறு வலுவிழந்த கயிறு. குறுந்தொகை காட்டிய பழைய மால்பின் நிலை இதுவே. நோக்குவார்க்கு மட்டும் அது புலப்படும். மெல்ல இறங்குதலும், ஒவ்வொரு முறையும் முடிச்சைத் தரையளவிலேயே எடையிட்டு ஆய்தலும் இத்தொழிலின் இலக்கணமாயின.

இன்னும் ஓரிடர் உளது. இம்முடிச்சு கையை விட்டாற் பற்றும். அதன் தலையைப் பற்றினால் விடும். விழுவதாக அஞ்சியவர் இயல்பாகவே அருகிலுள்ளதை இறுகப் பிடிப்பார். அவர் பிடிப்பது முடிச்சின் தலையாயின் அது திறந்துகொள்ளும். காப்பின் நுட்பமே கேட்டின் வாயிலாகும் இவ்விடத்தைப் பயிற்சி ஒன்றே அடைக்கும். முடிச்சினும் பயிற்சி முற்பட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இவையெல்லாம் கிளைமரத்துக்கு உரியன. பனைக்கும் தெங்கிற்கும் கிளையில்லை. கயிற்றை மேலே இடுதற்குக் கவையில்லை. கேரளத்துச் செம்பேரியைச் சார்ந்த ஜோசப் என்பார் வடித்த தென்னையேறு கருவி, மரத்தைச் சூழ்ந்த இரு கம்பிக் கயிறுகளைக் காலடிகளோடு இணைத்தது. மிதித்தால் பற்றும், தூக்கினால் நெகிழும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய பயிற்சித் திட்டம் இதனைப் பரப்பியது. ஆயினும் முதலில் இதுவும் ஏறுகருவியே. காசர்கோட்டு மத்திய மலைத்தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இதற்குத் தனியே ஒரு காப்புறுப்பை அமைக்க வேண்டியிருந்தது. தெலங்கான அரசு 2024 சூலையில் கள்ளிறக்குவோர்க்குக் கச்சையும் கயிறும் அடங்கிய காப்புத் தொகுதியை வழங்கத் தொடங்கி, அவர்தம் தெய்வத்தின் பெயரால் காட்டமய்யா ரட்சை எனப் பெயரிட்டது. மலையேறுவோரின் கச்சை பனைக்கு வந்து சேர்ந்த செய்தி இது.

ஒற்றைத்தண்டு மரத்தில் நெகிழ்தளை பயன்படுமிடம் இடைக்கயிறு. மரத்தைச் சூழும் அக்கயிற்றின் நீளம் ஏற ஏறக் குறைதல் வேண்டும். பருத்த அடியில் அளந்த நீளம் மெலிந்த மேற்பகுதியில் மிகையாகும். கயிற்றின்மேல் இட்ட புருசிக் முடிச்சு, ஒரு கையால் அந்நீளத்தைச் சுருக்கவும் பெருக்கவும் உதவும். தெங்கிற்கு இஃது எளிது. பனையிலோ இரு தடைகள் உள. மட்டைகள் நெருங்கிய தலைப்பகுதியைக் கடக்க இடைக்கயிற்றை அவிழ்த்து மாற்ற நேரும். ஆகவே ஒன்றை அவிழ்க்குமுன் மற்றொன்று கட்டப்பட்டிருத்தல் வேண்டும், கயிறு இரண்டாதல் வேண்டும். மட்டையின் விளிம்பிலுள்ள கருக்கு அரம்போன்றது. நைலான் கயிற்றை எளிதில் அறுக்கும். கிளை கழிப்போர் வாளுக்கு அஞ்சி எஃகுக் கம்பியை உள்ளீடாக வைத்த இடைக்கயிற்றைக் கையாளுகின்றனர். அதன்மேலும் நெகிழ்தளை நிற்கும். கருக்கின்முன் அது எத்துணை நாள் நிற்கும் என்பதைப் பனையேறுவோரே ஏறிக் காட்டுதல் வேண்டும். அளந்து பதிதல் நம் வேலை.