டி சோதனை

இரு குழுக்களின் சராசரிகளுக்கிடையே தெரியும் வேறுபாடு மெய்யானதா, தற்செயலாக வந்ததா என்று கணக்கிட்டுப் பார்க்கும் புள்ளியியல் முறை. முழுப்பெயர் ‘ஸ்டூடன்ட் டி சோதனை’. ஸ்டூடன்ட் என்பது புனைபெயர். அந்தப் பெயரில் எழுதியவர் வில்லியம் சீலி கோசெட் (1876–1937).

வேதியியலும் கணிதமும் படித்த கோசெட், 1899இல் டப்ளினில் உள்ள கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பார்லி ரகங்களை ஒப்பிட வேண்டியிருந்தது. ஒரு ரகத்தை ஆண்டுக்கு ஒரு தடவைதான் விளைவித்துப் பார்க்க முடியும், அதுவும் சில வயல்களில் மட்டும். அன்றைய புள்ளியியல் முறைகளோ ஏராளமான அளவீடுகளை நம்பியிருந்தன. நாலைந்து அளவீடுகளை வைத்து அவற்றைப் பயன்படுத்தினால், இல்லாத உறுதி இருப்பதுபோல் தோன்றிவிடும். இந்தச் சிக்கலோடுதான் அவர் 1906இல் லண்டனில் இருந்த புள்ளியியலாளர் கார்ல் பியர்சனிடம் போனார்.

சொற்ப அளவீடுகளுக்கும் பொருந்தும் கணக்கீட்டு முறையாக, அவர் கண்ட விடை 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளிவந்தது. கணிதத்தால் கண்டதைச் சரிபார்க்க அவர் பட்ட பாடு வியக்கவைப்பது. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் ஆளுக்கொரு அட்டையில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக 750 கூறுகள் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிட்டார். கணினி இல்லாத காலம் அது.

கேம்பிரிட்ஜில் இருந்த ரொனால்ட் ஃபிஷர் கோசெட்டின் முடிவுக்குக் கணித நிரூபணம் தந்தார். சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டப் பிழையால் வகுக்கும் இன்றைய வடிவம், 1925இல் வந்த அவரது நூலின் வழியே பரவியது. டி சோதனை ஒரு தடவைக்கு இரு குழுக்களைத்தான் ஒப்பிடும்; குழுக்கள் ஐந்து என்றால் பத்து ஜோடிகள். ஜோடி ஜோடியாகச் சோதித்தால் எங்காவது ஓரிடத்தில் ஏமாறும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். எல்லாக் குழுக்களையும் ஒருசேர ஒப்பிட ஃபிஷர் வகுத்தது மாறுபாட்டுப் பகுப்பாய்வு. ராதம்ஸ்டெட் பண்ணையின் உருளைக்கிழங்கு உரச் சோதனையில் அதைக் கையாண்டு 1923இல் வெளியிட்டார்.

குழு பிரித்ததே கோணலாக இருந்தால் எந்தச் சோதனையாலும் அதை நிமிர்த்த முடியாது. 1930இல் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயரில் 10,000 பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் பால் கொடுத்து, பால் கொடுக்காத 10,000 பேரோடு ஒப்பிட்டார்கள். குழுக்கள் சமமாக இல்லையென்று தோன்றினால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. வாடிப்போன பிள்ளைகளைப் பார்த்து அவர்கள் மனம் இளகியிருக்க வேண்டும். பால் குழுவில் மெலிந்தவர்கள் கூடிவிட்டார்கள். எடையும் உடுப்போடு பார்க்கப்பட்டது. பிப்ரவரிக் குளிரில் கனத்த கம்பளி உடுத்த வசதியுள்ள பிள்ளைகள் ஜூனில் மெல்லிய துணியில் வந்து நின்றார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கோ கழற்றிவைக்க அவ்வளவு கம்பளி இல்லை; ஆகவே வசதியுள்ளவர்களின் எடை ஏற்றம் குறைவாகத் தெரிந்திருக்கும். அடுத்த ஆண்டே கோசெட் இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, ஒரே அச்சான இரட்டையர்கள் 50 ஜோடி போதும், செலவும் மிகச் சொற்பமே ஆகும் என்று எழுதினார்.