0407: ஓர் எண்ணும் இணைப்பிகளின் மரபும்

பெரியதொரு கணினி நிரல் பகுதி பகுதியாகவே எழுதப்பெற்று, ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றப்பெறும். அங்ஙனம் மாற்றப்பெற்ற பகுதியைத் தாங்கி நிற்பது ‘ஒப்ஜெக்ற்’ கோப்பு. அப்பகுதிகளை ஒன்றுசேர்த்து, ஒன்றிலே சுட்டப்பெற்ற பெயருக்கு மற்றொன்றிலுள்ள முகவரியை இட்டு நிரப்புவது இணைப்பி. கோப்பை ஆக்கும் நிரலும் அதனைப் படிக்கும் இணைப்பியும் வெவ்வேறாதலின், கோப்பின் அமைப்பிலே இரண்டும் உடன்பட்டாகவேண்டும். அவ்வுடன்பாடு எவ்வாறு பிறந்தது, அதன் விலை யாது என்பதற்கு யுனிக்ஸின் வரலாறு தக்க சான்றாகும்.

1970களின் முற்பகுதியிலே பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் பீ.டீ.பி.-11 இயந்திரத்தில் யுனிக்ஸை வளர்த்தபொழுது ‘ஏ.அவுற்’ என்னும் கோப்பமைப்பு எழுந்தது. அதன் தலைப்பகுதி நாளடைவில் எட்டுச் சொற்கள் என்ற அளவில் நிலைபெற்றது. (சொல் என்றது ஈண்டு இரண்டு பைற்று கொண்ட நினைவக அலகை.) முதற்சொல் 0407. எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் அமைந்த இவ்வெண் வெறும் முத்திரையன்று, அவ்வியந்திரத்தின் தாவற்கட்டளை. அடுத்துவரும் ஏழு சொற்களைக் கடந்து செல்க என்பதே அதன் பொருள். ஆகவே, கோப்பை உள்ளபடியே நினைவகத்தில் ஏற்றி இயக்கினும், இயந்திரம் தலைப்பகுதியைத் தாண்டி நிரலை அடைந்துவிடும். நினைவகம் அரிதாயிருந்த காலத்தில் இஃது அழகிய சிக்கனமே.

1977 இல் வாக்ஸ் இயந்திரம் தோன்றியது. அதன் கட்டளைத் தொகுதி வேறு. 0407 ஆங்குத் தாவற்கட்டளையன்று. எனினும் வாக்ஸ் யுனிக்ஸின் கோப்புகளிலும் அவ்வெண் முத்திரையாக நின்றது.

இது தீங்கற்ற வழக்கு. தீங்கு விளைத்தது வேறொன்று. குறியீட்டு அட்டவணையில் ஒரு பெயருக்கு எட்டு எழுத்துக்கே இடமிருந்தது. அவற்றுள்ளும் ஒன்றைச் சி மொழியின் தொகுப்பி அடிக்கோடாக முன்னே இட்டுக்கொண்டது. எஞ்சிய ஏழெழுத்தும் ஒத்த இரு பெயர்களை இணைப்பி ஒன்றெனவே கொண்டது. வேறு இயந்திரங்களின் இணைப்பிகள் இதனினும் குறுகிய இடமே அளித்தன. ஆதலாற்றான் 1989 இல் வகுக்கப்பெற்ற சி மொழியின் நியமம், கோப்புகளுக்கிடையே வழங்கும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துக்கு மட்டுமே உறுதியளித்தது. பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடுதானும் உறுதியன்று. ஒரு மொழியின் இலக்கணம் பழைய அட்டவணைகளின் அகலத்துக்குப் பணிந்தமை வருந்தத்தக்கதே. 1999 ஆம் ஆண்டின் நியமத்திற்றான் அவ்வெல்லை 31 எழுத்தாயிற்று.

சிக்கனம் எனப்பட்டது யாண்டும் சிக்கனமாகவும் இருக்கவில்லை. பீ.டீ.பி.-11 கோப்பில், முகவரி திருத்தவேண்டிய இடங்களைக் குறிப்பதற்கு நிரலின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் வைக்கப்பெற்றது. திருத்தம் வேண்டாத சொல்லுக்கும் அவ்வாறே. இதனால் நிரலும் தரவும் கொண்ட இடத்துக்கு நிகரான இடம் குறிப்புகளுக்கும் சென்றது. வாக்ஸ் யுனிக்ஸ் திருத்தவேண்டிய இடத்துக்கு மட்டும் எட்டுப் பைற்றுக் குறிப்பு எழுதியது. பெயர்களையும் தனித்தொகுதியில் வைத்து நீளத்தடையை நீக்கியது.

1980களின் இறுதியில் சிஸ்ரம் ஐந்தின் நான்காம் வெளியீட்டுடன் வந்த ஈ.எல்.எவ். அமைப்பின் முதல் நான்கு பைற்றுகள் 127 என்னும் எண்ணும் அவ்வமைப்பின் பெயரெழுத்து மூன்றுமாம். அவை எவ்வியந்திரத்துக்கும் கட்டளையாக எண்ணி அமைக்கப்பெற்றவையல்ல. லினக்ஸ் 1990களின் நடுப்பகுதியில் இதற்கு மாறியது; ஏ.அவுற் கோப்புகளை இயக்கும் ஆற்றல் 2022 இல் அதன் கருவிலிருந்து நீக்கப்பெற்றது. ஆயினும் வெளியீட்டுக்குப் பெயர் குறிப்பிடாதவிடத்து, அங்குள்ள தொகுப்பிகள் தாம் ஆக்கும் ஈ.எல்.எவ். கோப்புக்கு இன்றும் ‘ஏ.அவுற்’ என்றே பெயரிடுகின்றன.