ஓய்வு கிடைக்காத முதல் நாயகி

பழைய நடிகையர் ஒருவரைப் பற்றி எழுத முனையும்போது, 'திரையுலகிலிருந்து ஓய்வு பெற்ற' என்ற அடைமொழியைப் பத்திரிகையாளர்களாகிய நாம் கைப்பழக்கமாகவே சேர்த்துவிடுகிறோம். அந்த அடைமொழி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வைஜயந்திமாலா 1970ஆம் ஆண்டோடு திரைப்படத்தை விட்டு விலகினார். நாட்டியமும் நாடாளுமன்றமும் அவருக்கு இரண்டாவது வாழ்வைத் தந்தன. 2024இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருதளித்தபோது அவர் தொண்ணூறு வயதைக் கடந்திருந்தார். பத்மினி மணமுடித்துக் கடல் கடந்து சென்று, அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் நாட்டியப் பள்ளி நடத்தினார். விரும்பியபோது திரும்பி வந்து நடித்தார். விலகிக்கொள்வதற்கு ஒரு வீடும், வருமானமும், மதிப்பும் வேண்டும். அவை அமைந்தவர்களுக்கே ஓய்வு என்ற சொல் பொருந்துகிறது.

எங்கள் தீவின் முதல் திரை நாயகிக்கு அது பொருந்தவில்லை. 1978ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறையில் ஓர் இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு வீடு திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அண்மையில் துடெல்ல என்ற இடத்தில் நிகழ்ந்த வாகன விபத்தில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 55. திரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ருக்மணி தேவி, வேலைக்குப் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஒரு தொழிலாளியாகவே மறைந்தார்.

வன்னியில் இருந்துகொண்டு ஒரு சிங்களத் திரைப்பட நடிகையைப் பற்றி எழுதுவானேன் என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். 1990களில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத நாள்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். செய்தி தேடி அலைவரிசையைத் திருப்பும்போது இடையில் சிங்களச் சேவை வந்து விழும். அதில் பழைய பாடல் ஒன்று ஒலிக்கும். பொருள் புரியாவிட்டாலும் குரலின் கனம் புரியும். அந்தக் குரலுக்கு உரியவரின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்பது எங்களுள் பலருக்கு இன்றும் தெரியாது.

ராசம்மா என்ற பெயருக்கு விளக்கம் வேண்டியதில்லை. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ எந்த ஊருக்குச் சென்றாலும் நான்கு வீட்டுக்கு ஒரு ராசம்மா அன்று இருந்தார்.

அவர் பிறந்தது 1923 ஜனவரி 15ஆம் திகதி, நுவரெலியா மாவட்டத்து ரம்பொடையில். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுக்கு அந்த ஊர்ப் பெயர் பழக்கமானது. ஆயினும் அவர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தவர் அல்லர். கொழும்புச் செட்டிகள் எனப்படும் சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தென்னிந்தியாவிலிருந்து வணிகத்திற்காக வந்து கொழும்பில் நிலைகொண்ட இச்சமூகத்தினர் காலப்போக்கில் கிறிஸ்தவத்தைத் தழுவினர். ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் தமதாக்கிக்கொண்டனர். இன்றைய குடிசன மதிப்பீட்டில் 'இலங்கைச் செட்டி' எனத் தனியாகக் கணக்கிடப்படுகின்றனர். ஆகவே 'அவர் எங்களவர்' என்று உரிமை கொண்டாட நான் இதை எழுதவில்லை. இன்ன இனம் என்று ஒரே சொல்லில் அடக்க இயலாத ஒருவர், இந்தத் தீவின் பெரும்பான்மை மக்களுடைய கலையின் முதல் முகமானார் என்பதே என் கவனத்திற்குரியது.

சிறுமியாக நத்தார் நாடகத்தில் மேடையேறிய அவர், பதின்ம வயதின் தொடக்கத்தில் டிக் டயஸ் மேடையேற்றிய இராமாயண நாடகத்தில் சீதையானார். மேடைக்காகவே ருக்மணி தேவி என்ற பெயர் வந்தது.

பெண் மேடையேறுவது அன்று எளிய காரியமன்று. முல்லைத்தீவின் பெருமைக்குரிய கோவலன் கூத்தில் கண்ணகியாகவும் மாதவியாகவும் ஆடியவர்கள் ஆண்களே. வற்றாப்பளைக் கண்ணகியைத் தெய்வமாகத் தொழும் மண்ணிலும், கண்ணகி வேடத்தைப் பெண் ஏற்க மரபு இடம் தரவில்லை. யாழ்ப்பாணத்து இசை நாடகத்தில், நடிகமணி வைரமுத்து அரிச்சந்திரனாகச் சுடலையில் நின்று பாடியபோது, எதிரே சந்திரமதியாக நின்றவரும் ஆணே. 1911இல் கொழும்பு மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் சிங்களப் பெண்கள் சிலர் துணிந்து நடித்தனர். அதற்குரிய ஏச்சையும் வாங்கினர். அந்தத் தலைமுறையின் வாரிசாக வந்தவர் ருக்மணி தேவி.

1930களின் இறுதியில் எச்.எம்.வி. இசைத்தட்டு ஒன்றில் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து அவர் பாடிய முதற்பாடல் புத்தகயா விகாரையைப் போற்றுவது. கிறிஸ்தவப் பெண்ணின் குரலில் பௌத்த பக்திப் பாடல்! பின்னாளில் அவருடன் பல பாடல்களைப் பாடிய மொஹிதீன் பேக், தமிழ்நாட்டின் சேலத்தில் பிறந்த முஸ்லிம். அவருடைய பௌத்த பக்திப் பாடல்கள் வெசாக் நாள்களில் இன்றும் ஒலிக்கின்றன. இந்த இருவரின் குரல்களை நீக்கிவிட்டால் சிங்கள மெல்லிசையின் முதல் அத்தியாயத்தில் மிஞ்சுவது சொற்பமே.

திரைப்படத்தின் கதையும் இதை ஒத்ததே. முதலாவது சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் திரையிடப்பட்டது. தமிழில் 'உடைந்த வாக்குறுதி' எனலாம். நீர்கொழும்பைச் சேர்ந்த பி. ஏ. டபிள்யூ. ஜயமான்ன தமது மினர்வா நாடகக் குழுவின் மூலம் ஊர் ஊராக நடத்திவந்த நாடகமே படமாயிற்று. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்டது மதுரையில், சித்ரகலா மூவிரோன் கலையகத்தில். இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சின்ஹா. கதாநாயகி ருக்மணி தேவி. ஜயமான்னவின் சகோதரரும் குழுவின் நகைச்சுவை நடிகருமான எடி ஜயமான்னவே அவருடைய கணவர். அதே ஆண்டில் வந்த இரண்டாவது படமான 'அசோகமாலா'வின் பின்னணியில் நின்றவர் சிற்றம்பலம் கார்டினர், அவரும் தமிழரே. பின்னர் நாயகம் கந்தானையில் கலையகம் அமைத்தார். கே. குணரத்தினம் ஹெந்தளையில் விஜயா கலையகத்தை நிறுவினார்.

ஒரு மொழியின் சினிமாவுக்கு மற்றொரு மொழியினர் முதலீடும் கலையகமும் குரலும் தந்தனர். இதில் வியாபாரமும் இருந்தது. இல்லையென்று சொல்ல முடியாது. தென்னிந்தியப் படங்களின் வார்ப்பிலேயே அன்றைய சிங்களப் படங்களும் வார்க்கப்பட்டன. கதை, பாட்டு, நகைச்சுவை, அரங்க அமைப்பு எல்லாம் அங்கிருந்து வந்தவையே. இதனை விமர்சகர்கள் சாடினர். அந்தச் சாடலில் நியாயமும் இருந்தது. 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்தைக் கலையகச் சுவர்களுக்கு வெளியே, கிராமத்து வெயிலில் எடுத்தார். அங்கிருந்துதான் சிங்கள சினிமா தன் சொந்த முகத்தைக் கண்டதாக வரலாறு எழுதப்படுகிறது.

அதே 1956இல்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. மொழியால் மக்களைப் பிரித்துக் கணக்கிடும் அரசியல் நாட்டைப் பற்றிக்கொண்ட அந்த ஆண்டில், ராசம்மா என்று பெயரிடப்பட்ட பெண் சிங்களத் திரையின் அரசியாக வீற்றிருந்தார். இந்த முரணைச் சட்டம் இயற்றியவர்கள் கண்டதாகத் தெரியவில்லை. எதிர்த்தவர்களாகிய நாமும் எடுத்துச் சொன்னதில்லை.

சினிமா மாறியபோது அந்த மாற்றத்திற்கு அவர் விலை கொடுத்தார். பழைய பாணி பழிக்கப்பட்டது. அந்தப் பாணியின் முகமாக இருந்தவரும் பின்னுக்குத் தள்ளப்பட்டார். 1960களின் இறுதியில் மாலினி பொன்சேகா போன்ற புதிய நடிகையர் வந்தனர். ருக்மணி தேவிக்கு நாயகி வேடங்கள் நின்றன. தாய் வேடங்களும் சிறு வேடங்களும் எஞ்சின. ஆனால் குரல் எஞ்சியிருந்தது. அதை வைத்தே அவர் பிழைத்தார். இசைக்குழுக்களோடும் களியாட்ட விழாக்களிலும் ஊர் ஊராகச் சென்று பாடினார். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் தமது 'அஹசின் பொலவட்ட' படத்தில் அவருக்கு வேடம் தந்தார். பழைய சினிமாவின் சுவரை உடைத்த கலைஞரே பழைய நாயகியை மறவாமல் அழைத்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். 1978இல் வெளியான அந்தப் படம் அவருடைய இறுதிப் படங்களுள் ஒன்று.

மாத்தறையிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 160 கிலோமீற்றர். அங்கிருந்து நீர்கொழும்புக்கு மேலும் முப்பத்தைந்துக்கு மேல். அதிவேகப் பாதை இல்லாத காலம். தெற்குக் கரையோர வீதியில் அது முழு இரவுப் பயணம். ஐம்பத்தைந்து வயதில் ஒரு மேடைக்காக அவ்வளவு தூரம் போய்வர வேண்டியிருந்தது. வீட்டை நெருங்கும் வேளையில்தான் விபத்து நேர்ந்தது. பழைய அரங்கக் கலைஞர்களுக்கு உதவும் நோக்குடன் டவர் மண்டப அரங்க மன்றத்தை அமைக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1978இல்தான். முதல் நாயகிக்கு அது காலம் தாழ்த்தி வந்த கடிதம்.

அவருடைய மறைவுக்கு ஐந்து ஆண்டுகளின் பின்னர் நிகழ்ந்ததை அவர் காணவில்லை. 1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளை விஜயா கலையகம் தீக்கிரையானது. அங்கே பேணப்பட்ட படச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். எரிக்கப்பட்டது தமிழர் சொத்து என்று எரித்தவர்கள் எண்ணியிருக்கலாம். எரிந்தவை சிங்கள மக்களின் திரைப்படங்கள். 1989இல், தெற்கின் கிளர்ச்சிக் காலத்தில், குணரத்தினமும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆவணம் எரிவதன் பொருள் வன்னி மக்களுக்குத் தெரியும். 2009இல் முள்ளிவாய்க்காலை நோக்கி நகர்ந்தபோது, கலியாண ஒளிப்பட அல்பங்களையும் ஒலிநாடாக்களையும் பதுங்குகுழிகளில் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். அதனாலேயே ஹெந்தளையில் எரிந்த சுருள்களை நினைக்கும்போது அது வேறொருவர் வீட்டுத் துயரமாக எனக்குத் தோன்றுவதில்லை.

இவ்விடத்தில் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இலங்கையில் தமிழ்ப் படங்களும் எடுக்கப்பட்டன. 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி', 1972இல் 'குத்துவிளக்கு' வெளிவந்தன. அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்த பின்னர், 1970களின் பிற்பகுதியில் 'பொன்மணி', செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று' போன்றவை வந்தன. 'பொன்மணி'யை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்ற சிங்களவர். நாயகமும் குணரத்தினமும் சிங்கள சினிமாவுக்குச் செய்ததற்கு மறுமொழி போல அது அமைந்தது. அந்தப் படங்களில் நாயகியராக நடித்த பெண்களை நாம் எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கிறோம்? சாவித்திரியின் வாழ்வையும் சரோஜாதேவியின் படங்களையும் வரிசைப்படி சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே ஏராளம். 'குத்துவிளக்கு' நாயகியின் பெயரைக் கேட்டால் தயங்குவோம். சென்னையிலிருந்து வந்த முகம் மட்டுமே நடிகையின் முகம் என்று பழகிவிட்டோம்.

சிங்கள மக்கள் ருக்மணி தேவியை இன்றும் நினைவுகூர்கின்றனர். அவருடைய பாடல்களைப் புதிய பாடகியர் பாடுகின்றனர். வாழும்போது ஓய்வைத் தராவிட்டாலும், இறந்த பின்னர் இடம் தந்தனர். தமிழ்ப் படங்களில் நடித்த நம் பெண்களுக்கு நாம் இரண்டையும் தரவில்லை. யுத்தமும் புலம்பெயர்வும் அவர்களையும் திசைக்கொன்றாகச் சிதறடித்தன. நடிப்பு என்பது சில ஆண்டு இளமைக் கதையாகச் சுருங்கி, வீட்டுச் சுவரில் ஓர் ஒளிப்படமாக நின்றுவிட்டது.

உலகெங்கும் இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நகரத்தில், உங்கள் உறவில், இலங்கைத் தமிழ்த் திரைப்படத்திலோ வானொலி நாடகத்திலோ மேடையிலோ பங்குகொண்ட முதிய பெண்மணி ஒருவர் இருந்தால் அவரிடம் சென்று கேளுங்கள். படப்பிடிப்பு எங்கே நடந்தது, என்ன சம்பளம் தந்தார்கள், வீட்டார் என்ன சொன்னார்கள், ஏன் விட்டு விலகினீர்கள் என்று கேட்டு, அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். கைத்தொலைபேசி ஒன்று போதும். அவர்களுக்குக் கிடைத்த ஓய்வு எப்படிப்பட்டது என்பதை அவர்களே சொல்லட்டும்.