கதை தங்கும் விடுதி

ஜப்பான் போவது என்று முடிவானதும் வீட்டில் எழுந்த முதல் சண்டை தங்குமிடத்தைப் பற்றியது. பதினொரு வயது மகளுக்கு அனிமே அறை வேண்டும். சுவர், போர்வை, தலையணை எங்கும் பாத்திரங்கள் இருக்க வேண்டும். அம்மாவுக்குக் கட்டிலும் மீன் வாடை இல்லாத சோறும் போதும். எனக்குப் பழைய மர விடுதிகள் மேல் ஆசை. படம் ஒட்டிய அறைக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது ஏமாளித்தனம் என்று வேறு சொல்லிவிட்டேன். அதை நிரூபிக்கத்தான் ஜப்பானிய விடுதிகளின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது பாதி தோற்றிருந்தேன்.

மகள் முதலில் கேட்டது இதுதான்: "அப்பா, ஸ்பிரிட்டட் அவேல சிஹிரோ வேலை பார்ப்பாளே, அந்தக் குளியல் வீட்டுல தங்கலாமா?"

ஹயாவோ மியாசாகியின் அந்தப் படம் 2001-இல் வந்தது. அதிலுள்ள குளியல் மாளிகைக்கு ஒரே ஒரு மூலம் கிடையாது. ஆனாலும் அதற்குத் தூண்டுதலான கட்டடங்களில் முக்கியமானதாகச் சொல்லப்படுவது, ஷிகோகு தீவில் மட்சுயாமா நகரத்திலுள்ள தோகோ வெந்நீரூற்றின் பழைய மாளிகை. 1894-இல் மரத்தால் எழுப்பிய மூன்றடுக்குக் கட்டடம். உச்சியில் சிறிய கோபுரம்; அதிலிருந்து இன்றும் நாளுக்கு மூன்று வேளை முரசு அடிக்கிறார்கள். அதைக் கட்டக் கிளம்பிய ஊர்த்தலைவர் இசானிவா யுகியாவைச் செலவைக் காட்டி ஊரே எதிர்த்தது. அவர் பின்வாங்கவில்லை.

கட்டி முடித்த மறு ஆண்டே அந்த ஊருக்கு ஓர் இளம் ஆங்கில ஆசிரியர் வந்து சேர்ந்தார். பின்னாளில் நட்சுமே சோசெகி என்று புகழ்பெற்றவர். அந்த அனுபவத்தை வைத்து 1906-இல் 'போட்சான்' நாவலை எழுதினார். தோக்கியோவிலிருந்து வந்த வாத்தியார் அந்த ஊரையும் ஊராரையும் நாவல் முழுக்க நக்கலடிக்கிறார். வெந்நீர்த் தொட்டியில் நீச்சலடிக்கிறார். மறுமுறை போனால் 'நீந்தக் கூடாது' என்று பலகை தொங்குகிறது. நம் ஊரென்றால் அந்த எழுத்தாளர் திரும்ப வந்திருக்க முடியுமா என்று தெரியவில்லை. தோகோக்காரர்கள் செய்தது வேறு. மாளிகையின் மூன்றாம் தளத்தில் 'போட்சான் அறை' வைத்தார்கள். தொட்டிச் சுவரில் 'போட்சான், நீந்தக் கூடாது' என்று நிஜமாகவே பலகை மாட்டினார்கள். போட்சான் உருண்டை என்று மூன்று நிறத்தில் ஒரு தின்பண்டம், போட்சான் ரயில், 1994-இல் மாளிகையின் நூற்றாண்டுக்கு போட்சான் கடிகாரம். கற்பனைப் பாத்திரத்தின் பெயரில் ஒரு ஊரே இயங்குகிறது. அனிமே அறை என்று நான் இளக்காரமாகச் சொன்னதற்கு இதைவிடப் பெரிய முன்னோடி உண்டா?

இப்பழக்கம் அங்கே நின்றுவிடவில்லை. 2007-இல் 'லக்கி ஸ்டார்' என்ற அனிமே தொடர் வெளியானது. அதில் வரும் கோயிலுக்கு முன்மாதிரி சைதாமா மாநிலத்தின் வாஷினோமியா ஆலயம். ரசிகர்கள் தாமாகவே அங்கே வந்தார்கள். வேண்டுதல் பலகைகளில் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களை வரைந்து மாட்டினார்கள். ஊர் வணிகர் சங்கம் பிறகுதான் விழித்துக்கொண்டது. இப்படிப் போவதற்கு 'புனிதத் தல யாத்திரை' என்றே பெயர். 2016-இல் தொடங்கிய அனிமே சுற்றுலாச் சங்கம் 88 தலங்களைத் தேர்ந்தெடுக்க முடிவு செய்தது. எண் சும்மா வந்ததல்ல. ஷிகோகு தீவைச் சுற்றி, துறவி கூக்காயின் நினைவாகச் சுமார் 1,200 கிலோமீட்டர் நடக்கும் பழைய யாத்திரையிலும் 88 கோயில்கள்தான். அவற்றில் 51-ஆவதான இஷிதே கோயில் தோகோவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மகளுடைய இரண்டாவது பரிந்துரை தோக்கியோவை ஒட்டிய தொகொரோசாவாவில், கதொகாவா பதிப்பகம் 2020-இல் திறந்த வளாகம். அங்கே ஓர் அனிமே விடுதி, கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்த அருங்காட்சியகம், பக்கத்திலேயே ஒரு புது ஆலயம்! விடுதி அறைகளின் கதை அவ்வப்போது மாறும். "இங்கதான் இடிக்குது" என்றேன். தோகோவில் கட்டடம் முதலில் வந்தது, கதை அதைத் தேடி வந்தது. இங்கே வெற்றுச் சுவர் அடுத்த கதைக்காகக் காத்திருக்கிறது. இது வாடகைக் கதை இல்லையா?

அதுவரை பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சொன்னார்: "உற்சவருக்கு நாளொரு அலங்காரம் பண்றோமே, அத வாடகை அலங்காரம்னு சொல்லுவியா? குழந்த கும்பிடப் போகுது, விடேன்."

பதில் சொல்ல முடியவில்லை. தொகொரோசாவாவில் ஓர் இரவு என்று முடிவாயிற்று.

தோகோவில் இரண்டு சிக்கல்கள். பழைய மாளிகை குளிக்கவும் இளைப்பாறவும் மட்டுமே. அங்கே தங்க முடியாது. அக்கம்பக்கத்து விடுதிகளிலோ அறையோடு இரண்டு வேளைச் சாப்பாடும் சேர்த்தே தருகிறார்கள். காய்கறிக் கூட்டில்கூடச் சூரைக் கருவாட்டுச் சாறு இருக்கும். அம்மாவை என்ன செய்வது?

இங்கும் வரலாறுதான் கைகொடுத்தது. எடோவையும் கியோத்தோவையும் இணைத்த தோக்காய்தோ பெருவழியில் 53 தங்கல் ஊர்கள் இருந்தன. பிரபுக்களுக்குத் தனி மாளிகை. காசுள்ள சாதாரணர்களுக்கு ஹதாகோ. அதில் இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் உண்டு. ஏழைகளுக்குக் கிச்சின்-யாதோ. கிச்சின் என்றால் விறகுக் கூலி. அரிசியைத் தானே கொண்டுவந்து, விறகுக்கு மட்டும் காசு கொடுத்துப் பொங்கிச் சாப்பிட்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் படுத்துக்கொள்ளலாம். இன்றும் பல விடுதிகளில் சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுக்கலாம். சுதோமாரி என்று கேட்க வேண்டும். அப்படி ஒன்றைப் பதிவு செய்தேன். அம்மா இப்போதே பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் தயார் செய்கிறார். நூற்றாண்டுகள் தாண்டி ஒரு கிச்சின் யாத்ரீகர்.

குளியல் விஷயத்தை மட்டும் அவரிடம் நடுங்கிக்கொண்டே சொன்னேன். துணியில்லாமல், பலரோடு.

"ஐயையோ, நான் வரல. வெளிய உக்காந்துக்கறேன்."

வெளியே உட்காரவும் இடமிருக்கிறது. போட்சான் கடிகாரத்துக்குப் பக்கத்தில் கால் நனைக்க ஒரு வெந்நீர்த் தொட்டி, இலவசம்.

ஷிகோகு யாத்ரீகர்கள் தங்கள் உடையில் 'இருவராகப் பயணம்' என்ற பொருளில் ஒரு தொடரை எழுதிக்கொள்வார்கள். தனியே நடந்தாலும் கூக்காய் கூடவே வருகிறார் என்று நம்பிக்கை. மகளின் பையைப் பார்த்தேன். ஸ்பிரிட்டட் அவேயின் முகமில்லாதவன் துணிப்பொம்மையாக முதல் ஆளாய் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தான். விடுதிக் கணக்கில் நாங்கள் நான்கு பேர்தான்.