கடற்கரையிலிருந்து கிணற்றடிக்கு: இராமேசுவரத்தில் தீர்த்தமாடலின் இடமும் வரிசையும்

இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலின் மதிலுக்குள் 22 தீர்த்தங்கள் உள்ளன. கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள கடல், அக்னி தீர்த்தம் என்ற பெயரில், இவற்றுக்கு முன்வாசலாக அமைகிறது. யாத்திரிகர் முதலில் கடலில் முழுகுகிறார். உடுத்திய ஈரத்தோடு கோயிலுக்குள் வந்து, மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தம் வரை ஒவ்வொரு நீரையும் தலையில் ஏற்றுக்கொள்கிறார். உலர்ந்த உடை மாற்றிய பிறகே சன்னிதிக்குப் போகிறார். இந்த முறை இராமர் காலந்தொட்டு இப்படியே வருகிறது என்பது தலத்தில் வழங்கும் நம்பிக்கை. நூல்களையும் நிலத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் வேறு. கடற்கரை நெடுகப் பரவிக் கிடந்த ஒரு நீராட்டு வழி கொஞ்சம் கொஞ்சமாகக் கோயில் மதிலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. தூரம் குறையக் குறையச் சடங்கின் வரிசை இறுகியிருக்கிறது.

தீர்த்தம் என்ற வடசொல்லுக்கு முதற்பொருள் ஆற்றைக் கடக்கும் துறை. தமிழில் ‘துறை’ என்ற சொல்லும் இறங்குமிடம், நீராடுமிடம் இரண்டையும் சுட்டும். சேது என்றாலோ அணை, பாலம். ஆகவே இந்தத் தலத்தின் பழம்பெயர்கள் எல்லாமே கடப்பதைப் பற்றியவை. நீர் அவற்றில் கடக்க வேண்டிய பொருளாகவே முதலில் நிற்கிறது. சம்பந்தரும் அப்பரும் இத்தலத்தைப் பதிகங்களில் பாடியிருப்பதால் ஏழாம் நூற்றாண்டளவில் கோயில் சிறப்புற்றிருந்தது உறுதி. தீர்த்தங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கதை சொல்லும் வேலையைச் செய்வது வடமொழிக் கந்தபுராணத்தின் பிரம்ம காண்டத்தில் அடங்கிய சேது மாகாத்மியம். நிரம்பவழகிய தேசிகர் பாடிய தமிழ்ச் சேதுபுராணமும் அந்தப் பொருளையே எடுத்துக்கொள்கிறது.

சேது மாகாத்மியம் தலைமைத் தீர்த்தங்களாக எண்ணுபவை 24. அந்த வரிசை சக்கர தீர்த்தத்தில் தொடங்கித் தனுஷ்கோடியில் முடிகிறது. நடுவில் வேதாளவரதம், பாபவிநாசம், சீதாசரசு, மங்களம், பிரம்மகுண்டம், அனுமன் குண்டம், அகத்தியம், இராம தீர்த்தம், இலட்சுமண தீர்த்தம், சடா தீர்த்தம் முதலியன வருகின்றன. இவற்றை நிலப்படத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரிசையைத் தொடங்கும் சக்கர தீர்த்தம் தீவிலேயே இல்லை. இராமநாதபுரத்துக்கு வடக்கே, கடலுக்குள் நவபாஷாணம் நிற்கும் தேவிபட்டினத்தில் உள்ளது. முடிவிடமான தனுஷ்கோடி, தீவின் தென்கிழக்கு நுனியில், கோயிலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இராம தீர்த்தமும் இலட்சுமண தீர்த்தமும் கோயிலுக்கு மேற்கே, ஊருக்குள் வரும் சாலையை ஒட்டிய குளங்கள். சடா தீர்த்தம் தனுஷ்கோடிச் சாலைப் பக்கம். மாகாத்மியம் மனத்தில் கொண்டிருந்தது ஒரு கோயிலின் கிணற்றடிகளை அல்ல என்பது இதிலிருந்தே தெளிவு. பெருநிலத்தில் தொடங்கி, நீரைக் கடந்து, தீவின் நுனி வரை நடக்கும் ஒரு வழியை அது எழுதி வைத்திருக்கிறது.

இந்த 24 பெயர்களில் ஏறத்தாழ பத்து மட்டுமே இன்று கோயிலுக்குள் எண்ணப்படும் 22இல் காணப்படுகின்றன: இலட்சுமி, சங்கு, சக்கரம், சிவம், கங்கை, யமுனை, கயை, கோடி, சாத்தியாமிர்தம், சர்வம். நளன், நீலன், கவயன், கவாட்சன் ஆகிய வானரர் பெயர்த் தீர்த்தங்கள் 24இன் வரிசையில் இல்லை. சூரிய, சந்திர தீர்த்தங்களும் அப்படியே. ஆக, இரண்டு பட்டியல்களையும் ஒன்றெனக் கொள்ள இடமில்லை. இராமன் அம்பறாத்தூணியில் இருந்த 22 அம்புகளைக் குறிப்பதே இந்த எண் என்ற விளக்கம் வழிகாட்டிகள் வாயில் அடிக்கடி வரும். தீவிலும் சுற்றுப்புறத்திலும் மொத்தம் 64 தீர்த்தம் என்ற கணக்கும் உண்டு. நூல் 24 என்றும், ஊர் 64 என்றும், கோயில் 22 என்றும் சொல்லும்போது, எண்ணுக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை எண் நிலைபெற்ற பிறகு வந்ததாகவே இருக்க வேண்டும்.

நெடுவழியை மதிலுக்குள் கொண்டுவந்தது ஒரே காரணம் அல்ல. பழைய யாத்திரை உப்பூர் வெயிலுகந்த விநாயகரிடம் தொடங்கி, தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை வழியாகப் பாம்பன் நீரிணையைப் படகில் தாண்டித் தீவுக்கு வந்தது. வழியெங்கும் இராமநாதபுரம் சேதுபதிகள் கட்டிய சத்திரங்கள் நின்றன. சேதுவைக் காப்பவர் என்பதுதான் அந்த மன்னர்களின் பட்டப்பெயரே. அவர்களே கோயிலையும் பெருக்கினர். 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரம் அவர்களது 18ஆம் நூற்றாண்டுத் திருப்பணி. வெளியே தனித்தனியாக இருந்திருக்கக்கூடிய பல நீர்நிலைகளைக் கூரையும் மதிலும் கொண்ட ஒரே சுற்றுவழியோடு இணைக்கப் பிரகாரங்களின் இந்த விரிவு உதவியிருக்க வேண்டும் என்று கருதலாம். இருபதாம் நூற்றாண்டு வேறொரு வேகத்தைக் கொண்டுவந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் யாத்திரிகர் கடலோர ஊர்களைத் தொடாமலே தீவுக்குள் வந்து இறங்கினர். அப்போதும் தனுஷ்கோடிக்கு ரயில் ஓடியது. தனுஷ்கோடியாகிய சேதுவில் முழுகுவது எளிதாகவே இருந்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு அடித்த புயல் தனுஷ்கோடி ஊரையும், அதற்குப் போய்க்கொண்டிருந்த ரயிலையும், தண்டவாளத்தையும் அழித்தது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக் காலம் நுனிக்குப் போக மணலில் நடக்க வேண்டியிருந்தது, அல்லது வேனில் குலுங்கிப் போக வேண்டியிருந்தது. 1988இல் சாலைப் பாலம் வந்தபோது பேருந்துகள் கோயில் வாசலருகே கூட்டத்தை இறக்கிவிட்டன. போக முடியாத சேதுவும் எளிதில் வந்துசேரும் கோயிலும் ஒரே காலத்தில் அமைந்தன. தீவின் நுனியான அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்தது. ஆனால் அதற்குள் தனுஷ்கோடி பலருக்கு நீராடும் துறையாக இல்லாமல் பார்த்துவரும் இடமாக மாறிவிட்டது.

இடம் மாறியதோடு நீராடும் முறையும் மாறியது என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்து. குளத்திலும் கடலிலும் ஒருவர் தாமே இறங்கி முழுகலாம், துணை வேண்டாம். கோயிலுக்குள் உள்ள தீர்த்தங்களோ பெரும்பாலும் கிணறுகள். தாமரை பூத்த சேதுமாதவ தீர்த்தம் போன்ற ஒன்றிரண்டே குளத்தின் சாயல் கொண்டவை. கிணற்றில் முழுக முடியாது. யாராவது இறைத்து ஊற்ற வேண்டும். அதனால் இந்த வழிபாட்டில் ஒரு தொழில் நுழைந்தது.

கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கால் ஊன்றி ஒருவர் நிற்கிறார். கையில் கயிறு கட்டிய சின்ன வாளி. குனியாமல் வாளியைத் தலைகீழாக வீசுகிறார். அது நீரில் விழும் ஓசை கேட்பதற்குள் மணிக்கட்டின் ஒரு சுண்டலில் நிரம்பி மேலே வந்துவிடுகிறது. கீழே குவிந்து நிற்கும் குடும்பத்தின் தலைகளில் நீர் பிரிந்து விழுகிறது. குழந்தை மூச்சுத் திணறி அழ, பாட்டி இன்னொரு வாளி கேட்க, இறைப்பவர் அதற்குள் அடுத்த கிணற்றை நோக்கிக் கைகாட்டிவிடுகிறார். சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே ஈரக் கல்தரையில் விரல் ஊன்றி நடக்க வேண்டியிருக்கிறது. கட்டணச் சீட்டு, குழுவாகப் போதல், வழிகாட்டி, வரிசை எண் எழுதிய பலகை எல்லாம் கிணறு என்ற வடிவத்திலிருந்து பிறந்த ஏற்பாடுகளே. தானாக இறங்கி முழுகும் குளக்கரையில் இவற்றில் பாதிக்கு வேலை இருந்திராது.

கும்பகோணம் மகாமகக் குளத்தின் தரைக்குள்ளும் தீர்த்தக் கிணறுகள் உண்டு. அங்கும் கிணற்று நீரை வார்த்துக்கொள்வது பெரிதாக மதிக்கப்படுகிறது. ஆனால் அங்கே கூட்டம் முழுவதும் ஒரே நாளில் ஒரே குளத்துக்குள் இறங்குகிறது. 1992 மகாமகத்தில் நெரிசலில் பலர் உயிரிழந்த துயரத்துக்கு இந்த அமைப்பும் ஒரு பின்னணி. இராமேசுவரத்தில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் அங்கும் நெரிசல் கடுமைதான். ஆயினும் 22 தீர்த்தங்கள் கூட்டத்தை 22 இடங்களில் பிரித்துவிடுகின்றன. கிணற்று முறைக்கு இன்னொரு வசதியும் உண்டு. மேலே ஊற்றிய நீர் தரைவழியே வடிகிறது. முழுகியவர் உடலழுக்கு குளத்து நீரில் கலப்பது போல ஊற்றுக்குத் திரும்புவதில்லை. தீட்டு குறித்த பழைய கவலைக்கும் சுகாதாரம் குறித்த புதிய கவலைக்கும் இது ஒரே விடையாக அமைந்துவிட்டது.

கடலுக்கு இவ்வளவு அருகில் கிணறுகளில் நல்ல நீர் கிடைப்பதை யாத்திரிகர் அதிசயமாகப் பேசுவதில் நியாயம் உண்டு. அக்னி தீர்த்தத்தின் உப்பு நாவில் இருக்கும்போதே அடுத்த நீர் அதில் விழுகிறது. மணல் தீவுகளில் இது நடப்பதற்குக் காரணம் அடர்த்தி வேறுபாடு. மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கலாம் என்பது நிலத்தடி நீரியலின் பொது விதி. அளவுக்கு மேல் இறைத்தால் உப்புநீர் மேலேறிவிடும். ஒவ்வொரு தீர்த்தமும் ஒவ்வொரு நோயைத் தீர்க்கும் என்று சொல்லப்படும் மருத்துவப் பட்டியல்களை இந்த விளக்கத்தோடு கலப்பது சரியல்ல. ஒரே வளாகத்தில் கிணற்றுக்குக் கிணறு சுவை மாறுவது ஆழம், உப்பு, மண்ணடுக்கு ஆகியவற்றின் வேலை.

வரிசையின் முடிவில் வரும் கோடி தீர்த்தத்துக்குத் தனி இலக்கணம் உண்டு. இலிங்கத்தை நீராட்ட நீர் வேண்டி இராமன் வில்லின் கோடியால் நிலத்தைக் குத்தியபோது ஊறியது இது என்பது கதை. கம்சனைக் கொன்ற பழி தீரக் கண்ணன் இதில் நீராடியதாகவும் மாகாத்மியம் சொல்கிறது. கோடியில் முழுகியவர் பிறகு அங்கே தங்காமல் ஊர் திரும்ப வேண்டும் என்பது அதே நூலின் விதி. இருந்தும் அந்த நூல் தீர்த்தங்களை விவரிக்கும் வரிசையில் கோடிக்குப் பிறகும் சாத்தியாமிர்தமும் சர்வமும் தனுஷ்கோடியும் வருகின்றன. கோயிலின் நடைமுறை அந்த வரிசையை விட்டுவிட்டு விதியைப் பிடித்துக்கொண்டது; கோடியை 22ஆவதாக நிறுத்தியது. நீண்ட கடற்கரை வழியில் கோடி ஒரு நிறுத்தமாக மட்டும் இருந்திருக்கும். மதிலுக்குள் அது முடிவிடமாகி, பழைய தனுஷ்கோடியின் இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கோடி’ என்ற சொல் இரண்டிலும் ஒலிப்பது இந்த மாற்றத்துக்கு எவ்வளவு துணைசெய்தது என்பது ஊகத்துக்கே உரியது. வீட்டுக்குப் பாட்டிலில் கொண்டுபோகும் நீர் பெரும்பாலும் கோடி தீர்த்தமே.

தீர்த்தம் இடத்தோடு பிணைந்ததா, வரிசையோடு பிணைந்ததா என்ற கேள்வி அண்மை ஆண்டுகளில் நேரடியாகவே எழுந்தது. நெரிசலைக் குறைப்பதற்காகச் சில தீர்த்தங்களுக்குக் கோயில் வளாகத்திலேயே வேறு இடத்தில் கிணறு அமைக்கப்பட்டது. கிணறு புதிது, பெயரும் வரிசை எண்ணும் பழையவை. நூல்களின் கண்ணோட்டத்தில் ஒரு துறை இடம்பெயர்வது எளிதில் ஏற்கத்தக்கதல்ல. ஆனால் கடற்கரைத் தீர்த்தங்களின் பெருமை மதிலுக்குள் வந்து சேர்ந்த நீண்ட வரலாற்றை நோக்கினால், வளாகத்துக்குள் இடம் நகர்ந்தது அந்தப் போக்கின் சிறிய தொடர்ச்சியே. 2020இல் கொரோனாவை முன்னிட்டுத் தீர்த்தமாடல் பல மாதங்கள் நிறுத்தப்பட்டபோது, இறைத்து ஊற்றி வாழ்ந்தவர்கள் வருமானம் இழந்தனர். கிணறுகள் அங்கேயே இருந்தன, நீரும் இருந்தது. ஊற்றும் கை நின்றதும் தீர்த்தமாடலே நின்றுபோனது.

நீராட்டு வழியின் இந்தச் சுருக்கத்துக்கு முழுதும் வசப்படாத ஒரு சடங்கு உண்டு. காசிக்கும் இராமேசுவரத்துக்கும் சேர்த்து யாத்திரை செய்பவர்கள் சேதுவில் மணல் எடுத்து, அதைப் பிரயாகையில் கங்கையில் கரைத்து, கங்கைநீர் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வர். கடல்மணல் கிணற்றில் கிடைக்காது. மற்ற இடங்களில் குறித்த நாளன்றிக் கடலைத் தீண்டலாகாது என்ற சாத்திரத் தடை சேதுவுக்கு மட்டும் இல்லை என்பதும் இதையொட்டியதே: இங்கே எந்நாளும் கடலாடலாம். தனுஷ்கோடி வரை போக இயலாதவர்கள் அக்னி தீர்த்தக் கரையிலேயே மணலைப் பிடித்து இலிங்கமாக்கிப் பூசித்து, ஒரு பிடியைத் துணியில் முடிந்துகொள்கின்றனர். பிறகு ஈரத்தோடு எழுந்து கிழக்குக் கோபுரத்தை நோக்கி நடக்கின்றனர்.